எதிர்மலைக்கு எட்டும் லென்ஸ்

ஜெர்மனியின் கிழக்கெல்லையில், போலந்தைத் தொட்டபடி இருக்கும் சிறிய நகரம் கெர்லிட்ஸ். அங்கே மேயர் என்ற பழைய கம்பெனி செய்த 200 மி.மீ. லென்ஸுக்கு முதலில் ஓரெஸ்டெகோர் என்று பெயர். 1968இல் அந்தக் கம்பெனியைக் கிழக்கு ஜெர்மனியின் அரச நிறுவனமான பென்டகொனோடு சேர்த்தார்கள். சில வருடங்களில் அதே லென்ஸ் பென்டகொன் என்ற பெயரோடு கடைக்கு வந்தது. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானபின் கெர்லிட்ஸ் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆனால் அது செய்த லென்ஸ்கள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. அவற்றில் ஒன்று இலங்கை மலையகத்தின் உடப்புசல்லாவையில் இருக்கிறது.

வைத்திருப்பவர் ஒரு விஞ்ஞான ஆசிரியை. பிள்ளைகள் கூப்பிடுவதுபோல இங்கேயும் டீச்சர் என்றே சொல்லிவிடலாம். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்து, அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலேயே படிப்பிக்க வந்தவர். லென்ஸ் அவருடைய தாய்மாமாவின் சொத்து. மாமா உடப்புசல்லாவை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ரோட்டைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் கல்யாணப் படங்கள், உள்ளே நீலத் திரை, இரண்டு பெரிய பல்புகள், உட்கார ஒரு ஸ்டூல், அதற்கும் பின்னால் சிவப்பு வெளிச்சம் எரியும் இருட்டறை. பாடசாலை விட்டதும் டீச்சர் அங்கேதான் போய் நிற்பார். கழுவிய படங்களைக் கம்பியில் மாட்டிக் காயவைப்பது அவருடைய வேலை.

மலையகத்து ஸ்டூடியோக்களின் கதையை யாராவது முழுதாக எழுதவேண்டும். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத்துச் சனம் காகிதத்தில் பிரிக்கப்பட்டது. மீதி 1,50,000 பேரின் கணக்கை 1974இல் முடித்தார்கள். அந்தக் கணக்கில் வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் படம் வேண்டும். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோது அதற்கும் படம் வேண்டியிருந்தது. வாழ்நாளில் கேமரா முன்னால் நின்றிராத சனம் தலையைப் படிய வாரிக்கொண்டு, இரவல் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் வரிசையில் நின்றது. பாஸ்போர்ட் படம் எடுத்து முடித்ததும் பல குடும்பங்கள் கூட்டாக இன்னொரு படமும் எடுத்துக்கொண்டன. போகிறவர்கள், இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே சட்டகத்துக்குள். பிறகு தலைமன்னார் போகும் ரயில். அழுகையோடு போன அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று சனமே பெயர் வைத்தது. மாமாவின் பெட்டியில் இருந்த நெகட்டிவ்களில் பெரும்பகுதி அந்த முகங்கள்தான்.

அவை எல்லாம் கிட்ட நின்று எடுத்தவை. நீளமான பென்டகொனை மாமா வாங்கியது வேறு காரியத்துக்கு.

தோட்டங்களில் அர்ச்சுனன் தபசு ஆடுவார்கள். இரவெல்லாம் கூத்து நடந்து, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் ஏறத் தொடங்குவார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. உச்சிக்குப் போனதும் கீழே நிற்கிற கூட்டத்துக்கு எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் போடுவார். கீழே நின்று சாதாரண லென்ஸில் எடுத்தால் வானத்தில் ஒரு புள்ளி. ஃபிளாஷ் வெளிச்சம் அந்த உயரத்துக்குப் போகாது. மாமா கூட்டத்தை விட்டு விலகி, எதிரே இருக்கிற தேயிலை மேட்டில் முக்காலியை ஊன்றி, பிராக்டிகா கேமராவில் இந்த லென்ஸைத் திருகி வைத்துக்கொண்டு விடிவதற்குக் காத்திருப்பார். பக்கத்தில் டார்ச் பிடிக்க மருமகள். 36 படம் கொண்ட ரோலில் மிஞ்சியிருக்கும் நாலைந்துதான் கைவசம். "மூச்ச அடக்கிக்க பாப்பா, நீ அசைஞ்சா முக்காலியும் அசையும்" என்பார். உச்சியில் நின்ற அர்ச்சுனனின் முகத்தில் வியர்வையும் அரிதாரமும் கலந்து வழிவது அந்தப் படங்களில் தெரியும். கீழே இருந்து அண்ணாந்து பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்காது. படத்தை வாங்கிப் போன வேடக்காரர் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருந்தார்.

அந்த லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதன் யோசனை புரியும். வாய்ப்பக்கம் இரண்டு வளையங்கள். ஒன்றில் 4, 5.6, 8, 11 என்று எண்கள். வேண்டிய எண்ணில் அதை நிறுத்தினால் அது எல்லை போட்டுக்கொள்ளும். அடுத்த வளையத்தில் எண்ணும் இல்லை, தட்டுகிற சத்தமும் இல்லை. அதை ஒரு பக்கம் திருகினால் துவாரம் முழுதாகத் திறக்கும், மறுபக்கம் திருகினால் போட்ட எல்லையில் வந்து நிற்கும். முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் ஃபோகஸ் பண்ணுவது, எடுக்கப்போகும் நொடியில் கண்ணை எடுக்காமல் விரலால் சுருக்குவது. உள்ளே 15 தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கூடும். துவாரம் எந்த அளவில் நின்றாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். இன்றைய லென்ஸ்களில் பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது தகடுகள்தான். பின்னணியில் இருக்கும் இலைகளின் ஈர மினுக்கம் இந்தப் பழைய லென்ஸில் உருண்டு திரண்டு வருவதற்கு அந்த 15 தகடுகள்தான் காரணம்.

கலர் லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது, ஃபோன் வந்தது. ஸ்டூடியோவில் போட்டோகொப்பி மெஷின் ஏறியது, பிறகு ஸ்டூடியோவே இல்லை. மாமா காலமானபின் அவருடைய டிரங்குப் பெட்டி டீச்சர் வீட்டுக்கு வந்தது. பிராக்டிகாவின் ஷட்டர் இறுகிப் போயிருந்தது. லென்ஸ் தோல் உறைக்குள் இருந்தது. அந்த உறைதான் அதற்குப் பகை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது முன்கண்ணாடிக்குப் பின்னால் வேர்விட்ட மாதிரி வெள்ளை நூல்கள். வருடத்தில் பாதிநாள் மூடுபனிக்குள் இருக்கிற ஊரில் எந்த லென்ஸும் தப்பாது.

அதை அவர் தூக்கிப் போடவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். முன்வளையத்தைக் கழற்றும் ரப்பர் கருவியும், பாமசியில் வாங்கிய ஹைட்ரஜன் பெரொக்சைட்டும், வெள்ளைப் பருத்தித் துணியுமாக மேசையில் உட்கார்ந்தார். பூஞ்சை புதிதென்றால் துடைத்தாலே போகும். நாள்பட்டதென்றால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், அந்தத் தடம் எந்த மருந்துக்கும் போகாது. மாமாவின் லென்ஸில் ஓரத்தில் சின்னத் தடம் ஒன்று நின்றுவிட்டது. படத்தில் அது தெரிவதில்லை. தோல் உறை அடுப்புக்குப் போனது. லென்ஸ் இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சட்டியில் போட்டுச் சூடாக்கினால் மறுபடி நீலம்.

லென்ஸ் இருக்கிறது, கேமரா? 2022இல் 200 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பொருளும் மாதச் சம்பளக்காரர் பக்கத்தில் போக முடியாத விலைக்குப் போனது. பறவைப் படம் எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் புதிய 400, 500 மி.மீ. லென்ஸ்களின் விலையைத் தோட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டீச்சர் வேறு வழி பார்த்தார். யாரோ ஒரு கல்யாண போட்டோகிராபர் பாவித்துக் கழித்த சோனி ஏ7 மார்க் டூ உடல் மட்டும், லென்ஸ் இல்லாமல், கொழும்பில் விலைக்கு வந்தது. அதை வாங்கினார். கூடவே ஒரு அடாப்டர்.

அடாப்டர் என்றதும் பெரிய சாமான் என்று எண்ணவேண்டாம். உள்ளே கண்ணாடி இல்லை, மின்கம்பி இல்லை. வெறும் உலோகக் குழாய். ஆனால் அதன் நீளத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மாமாவின் லென்ஸ் எம்42 எனப்படும் திருகு வகை. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. 1949இல் டிரெஸ்டனில் வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவிலேயே இந்தத் திருகு இருந்தது. பிறகு பிராக்டிகா, பென்டாக்ஸ், சோவியத்தின் ஜெனிட் எல்லாம் இதையே எடுத்துக்கொண்டன. இந்த வகை லென்ஸின் பின்தளத்துக்கும் பிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருக்கவேண்டும். அப்போதுதான் தூரத்து மலை துல்லியமாக விழும். சோனியின் உடலில் அந்த இடைவெளி 18 மி.மீ. மட்டுமே, ஏனென்றால் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருப்பதுபோல உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி ஏறி இறங்கும் பெட்டி இல்லை. ஆக 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழாய் வைத்தால் போதும். கழித்தல் கணக்கு. டீச்சர் இதை உயர்தர வகுப்பில் ஒளியியல் பாடத்துக்கு உதாரணமாக வைத்திருக்கிறார். குவியத்தூரம் என்றால் என்ன என்று கேட்டபோது முழித்த பிள்ளைகள் லென்ஸைக் கையில் வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்து, எதிர்மலை தலைகீழாக வெள்ளைத்தாளில் விழுவதைப் பார்த்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே கழித்தல் சில பேருக்குக் கைகொடுக்காது. நிக்கோன் எஸ்.எல்.ஆர். உடலில் இடைவெளி 46.5 மி.மீ. எம்42 லென்ஸுக்கு வேண்டியதைவிட 1 மி.மீ. அதிகம். அந்த ஒரு மில்லிமீட்டரால் கிட்ட இருக்கிற பூ வரும், மலை வராது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கிறது, படம் மங்கும். கெனோன் இஓஎஸ் உடலில் 44, அதனால் அங்கே சரியாக வரும். கெனோனின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸ்களுக்கு வேண்டியது 42. 1987இல் கம்பெனி புதிய இஎஃப் வகைக்கு மாறியதும் அந்த அருமையான லென்ஸ்கள் அநாதையாகிவிட்டன. சொந்தக் கம்பெனியின் புதிய கேமராவில்கூட அவை பொருந்தவில்லை. 2008இல் பனசோனிக் ஜி1, 2010இல் சோனி நெக்ஸ் என்று கண்ணாடிப் பெட்டி இல்லாத கேமராக்கள் வந்தபிறகுதான் அவற்றுக்கு மறுவாழ்வு. பழைய நிக்கோர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். 1977இல் ஏஐ முறை வருவதற்கு முந்திய லென்ஸை மாற்றாமல் நிக்கோன் டிஜிட்டல் உடல்களில் பொருத்தினால் சிலவற்றில் உள்ள சிறு நெம்பு உடையும்.

பழைய லென்ஸ் கேமராவோடு பேசாது. முதல் வேலையாக, லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் அடிக்கலாம் என்று மெனுவில் அனுமதி கொடுக்கவேண்டும். இரண்டாவது, 200 மி.மீ. என்று கையால் எழுதிக் கொடுக்கவேண்டும். ஏ7 மார்க் டூ 2014இல் வந்தபோது சென்சாரே அசைந்து கைநடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதியோடு வந்தது. எவ்வளவு நீள லென்ஸ் என்று தெரிந்தால்தான் எவ்வளவு அசையவேண்டும் என்று அது கணக்குப் போடும். கெர்லிட்ஸில் செய்தவர்கள் கனவிலும் நினைத்திராத வசதி இது. மாமா முக்காலி இல்லாமல் தொடாத லென்ஸை டீச்சர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று கையால் தூக்கி எடுக்கிறார்.

அதைவிடப் பெரிய உதவி கண்ணுக்கு. பிராக்டிகாவின் கலங்கிய திரையில் மாமா ஊகத்தால் பண்ணியதை, இப்போது மின்திரையில் ஒரு பொத்தானை அழுத்திப் பெருக்கிப் பார்க்கலாம். கருஞ்சிட்டுப் பறவையின் கண்ணில் வெளிச்சப் புள்ளி தெரியும்வரை வளையத்தைத் திருகலாம். துல்லியமான விளிம்புகளில் நிறக்கோடு போட்டுக் காட்டும் வசதியும் உண்டு. டீச்சர் அதை அவ்வளவாக நம்புவதில்லை. 200 மி.மீ.யில் துவாரத்தை முழுதாகத் திறந்தால் துல்லியமாக விழும் ஆழம் மிகக் குறைவு, கோடு மூக்கிலும் காட்டும், இறக்கையிலும் காட்டும். கண்ணைப் பெருக்கிப் பார்த்து விரலால் நிறுத்துவதே அவர் வழி. காலைக் குளிரில் பழைய கிரீஸ் இறுகி வளையம் நகர மறுக்கும். அப்போது லென்ஸை சுவெட்டருக்குள் வைத்துக்கொண்டு நடப்பார்.

கருஞ்சிட்டு இந்த லென்ஸுக்காகவே பிறந்த பறவை என்று சொல்லத் தோன்றுகிறது. இலங்கையில் அது மலைநாட்டுப் பறவை. ஆண் கறுப்பு, இறக்கையில் வெள்ளை. தேயிலைச் செடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியில் உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்து பூச்சியைப் பிடிக்கும், திரும்பவும் அதே குச்சிக்கே வரும். பறவை இல்லாதபோது குச்சியில் ஃபோகஸ் பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். கருங்கழுகும் அப்படித்தான், வேறு விதத்தில். அது அவசரப்படாது. மலைச்சரிவை ஒட்டி, மர உச்சிகளைத் தடவுவதுபோலத் தாழ்ந்து, மிக மெதுவாக மிதந்து வரும். குருவிக்கூடுகளைத் தேடித்தான் அந்த உலா. அது வரும் வழி தெரிந்தால் முன்கூட்டியே ஒரு டர்பன்டைன் மரத்தில் ஃபோகஸை நிறுத்திவைத்து, கழுகு அந்த மரத்தின் தூரத்துக்கு வரும்போது எடுக்கலாம். அதன் வழியைத் தெரிந்துகொள்ளத்தான் பல காலைகள் போகும். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி மட்டும் இந்த லென்ஸுக்கு ஒத்துவராது. இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பழம் தின்றுகொண்டு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருக்கும்.

தானாக ஃபோகஸ் பண்ணும் கேமரா இல்லாமல் காட்டுயிர்ப் படமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வருடத்தைச் சொல்லவேண்டும்: 1985. மினோல்டா 7000 வந்த வருடம். உடலுக்குள்ளேயே தானியங்கி ஃபோகஸ் கொண்ட எஸ்.எல்.ஆர். கேமராக்கள் சந்தையைப் பிடித்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன் உலகம் பார்த்த புலி, யானை, கழுகுப் படங்கள் எல்லாம் மனித விரல் திருகிய வளையத்தில் பிறந்தவை. இலங்கையிலும் அப்படித்தான். ஸ்டூடியோ டைம்ஸைத் தொடங்கிய நிஹால் பெர்னாண்டோவின் காட்டுப் படங்களை இன்று பார்த்தாலும் அவர் எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும்.

உடப்புசல்லாவையின் பருவமும் இந்த லென்ஸுக்கு ஒரு விதத்தில் தோழன். ஊர் மத்திய மலைத்தொடரின் கிழக்குப் பக்கம். தென்மேற்குப் பருவம் ஹட்டனையும் டிக்கோயாவையும் நனைத்துக்கொண்டிருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே காய்ந்த குளிர்காற்று வீசும். தேயிலையின் தரம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். நீளமான லென்ஸுக்குக் காற்றில் உள்ள ஈரமும் தூசும் பெரிய எதிரிகள். இடையில் இருக்கிற காற்று முழுவதையும் சேர்த்தே அது படம் எடுக்கிறது. காய்ந்த காற்று வீசும் காலைகளில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் தனித்தனிச் செடி தெரியும். ராகலை வரை ஒருகாலத்தில் ஓடிய இரண்டரை அடி அகலச் சின்ன ரயிலின் தடத்தை டீச்சர் அப்படியொரு காலையில்தான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தார். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாதை, 1940களில் மூடப்பட்டது. கிட்ட நின்றால் அது வெறும் ஒற்றையடிப் பாதை. எதிர்மலையிலிருந்து 200 மி.மீ.யில் பார்க்கும்போது, மேலும் கீழும் ஓடும் கான்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் நடுவே, சரிவைச் சுற்றிக்கொண்டு நிதானமாக ஏறும் ஒரு கோடு தனியாகப் பிரிந்து தெரிந்தது. நீள லென்ஸ் முன்னும் பின்னும் இருக்கிற மலைகளை ஒன்றோடொன்று நெருக்கிக் காட்டும். அந்த நெருக்கத்தில் நிலத்தின் வரலாறு எழுந்து வருகிறது.

ஆனால் டீச்சர் அதிகம் எடுப்பது பறவையும் இல்லை, பாதையும் இல்லை. வேலை செய்யும் பெண்களை.

கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் உலகத்துக்குப் புதிதில்லை. தேயிலைப் பெட்டியிலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். கேமராக்காரர் பக்கத்தில் வந்து நின்று சிரிக்கச் சொன்னதால் வந்த சிரிப்பு. தூரத்திலிருந்து எடுத்தால் வேறொரு மலை தெரிகிறது. இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை, செடிமேல் மட்டக்கம்பு. மட்டத்துக்கு மேலே வந்த தளிரை மட்டும் கிள்ளும் இரண்டு கைகள். மழைபெய்து வழுக்கும் சரிவில் கால் எங்கே ஊன்றுகிறது, பாரம் ஏறஏற முதுகு எப்படி வளைகிறது, மேட்டில் நிற்கும் கங்காணி எந்தப் பக்கம் பார்க்கிறார், அட்டை கடித்த இடத்தை ஒருத்தி எப்படிக் குனிந்து தேய்க்கிறாள், இவையெல்லாம் வேலைக்குப் பங்கம் வராத தூரத்திலிருந்து கிடைக்கின்றன. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது எத்தனை கிலோ எடுத்தால் அந்த ஆயிரம் என்பதே பிரச்சினையாக இருந்தது. ஒரு கிலோவுக்குள் எத்தனை கிள்ளல் இருக்கிறது என்று அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும்.

தூரத்திலிருந்து எடுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் எடுப்பது திருட்டுக்குப் பக்கத்தில் வரும். டீச்சர் இதில் கண்டிப்பானவர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலேயே சொல்லிவிடுவார், இன்றைக்கு எதிர்மலையில் நிற்பேன் என்று. வேண்டாம் என்றவர்களை எடுப்பதில்லை. நிறுவைக்குக் கொழுந்து மடுவத்துக்கு வரும்போது கேமராத் திரையில் காட்டுவார். ஒரு படத்தில் ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக்கி எடுத்திருந்தார். முகம் துல்லியம், செடி துல்லியம், கைகள் மட்டும் புகையாக ஓடியிருந்தன. படத்தில் இருந்த அக்கா நெடுநேரம் பார்த்தார். "என் கை இம்புட்டு வேகமாவா ஓடுது டீச்சர்? எனக்கே தெரியாதே." பிரிண்ட் போட்டபோது டீச்சர் பின்பக்கத்தில் அவர் பெயரையும் மலையின் நம்பரையும் திகதியையும் எழுதிக் கொடுத்தார்.

பெயரை எழுதுவதற்குப் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது. ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து பொகவந்தலாவைக்குப் போனால் செயின்ட் மேரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருக்கிறார். புகைப்பட உலகின் பெரும் பெயர்களில் ஒன்று. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் மகள் கொடுத்த கேமராவோடு தொடங்கி கவிஞர் டென்னிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படம் எடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்தார். அவர் பாவித்த பெரிய டால்மேயர் லென்ஸின் குவியத்தூரம் 30 அங்குலம், இன்றைய கணக்கில் 762 மி.மீ. அவருடைய கண்ணாடித் தகடு அவ்வளவு பெரியது என்பதால் அது அங்கே முகப்பட லென்ஸ்தான். இருந்தாலும் அத்தனை நீளக் கண்ணாடியைக் கையால் நகர்த்தி, தனக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்தியவர் அவர். துல்லியம் குறைவு என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் திட்டினார்கள். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை சொற்பம். அவற்றில் தோட்டத்துத் தொழிலாளர்களும் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். டென்னிசன் டென்னிசனாகவே இருக்கிறார். இங்கே எடுத்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. கல்லறைக்கு முன்னால் நின்றபோது டீச்சருக்குப் பெரும் மரியாதையும் வந்தது, இவர்களுக்கு ஏன் பெயர் இல்லை என்ற கேள்வியும் வந்தது. இரண்டையும் சேர்த்தே பொகவந்தலாவையிலிருந்து கொண்டுவந்தார்.

சிறுத்தையை அவர் எடுத்ததில்லை, எடுக்கத் தேடிப் போவதும் இல்லை. உடப்புசல்லாவைத் தோட்டங்களில் சிறுத்தை இருப்பது எல்லாருக்கும் தெரிந்த சேதி. நாய் காணாமல் போகும், கானோரத்தில் காலடி கிடக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. பன்றிக்கு வைக்கும் கம்பி, சிறுத்தையின் கழுத்தில் இறுகுகிறது. அந்தச் சேதிக்குப் பிறகு டீச்சரின் லென்ஸுக்கு இன்னொரு வேலை கிடைத்தது. காட்டோரத்தில் கம்பி கட்டியிருப்பது எதிர்மலையிலிருந்து வெயிலில் மினுங்கும். கண்ணுக்குத் தப்பினாலும் 200 மி.மீ.யில் மாட்டும். படத்தைக் காட்டி, இன்ன மலையில் இன்ன மரத்தடியில் என்று சொல்ல முடிகிறது.

லென்ஸின் குறைகளையும் சொல்லவேண்டும். துவாரத்தை முழுதாகத் திறந்தால், வெள்ளை வானத்துக்கு எதிரே நிற்கும் கிளையின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். 5.6க்குச் சுருக்கினால் குறையும், 8க்குப் போனால் கிட்டத்தட்டப் போய்விடும். இன்றைய லென்ஸ்களில் இருப்பதுபோல அடுக்கடுக்கான மேற்பூச்சு இல்லாததால் சூரியன் பக்கவாட்டில் இருந்தால் படம் முழுக்க வெளிறும். வெயில்மறைப்புக் குழல் இல்லாமல் வெளியே எடுக்கவே கூடாது. மூடுபனியில் ஒளி-நிழல் முரண் ஏற்கெனவே குறைவு, இந்த லென்ஸில் இன்னும் குறையும். கணினியில் கறுப்பைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும். ஆனால் சிலவேளை அப்படியே விடுவது நல்லது. தேயிலை மலையில் மூடுபனி இறங்கும்போது மனிதக் கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது.

இப்போது பாடசாலையில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்திருக்கிறது. ஒரு பையனின் தாத்தா வைத்திருந்த சோவியத் ஜூபிட்டர் 135 மி.மீ. வெளியே வந்தது. இன்னொரு பிள்ளையின் அண்ணன் கட்டாரிலிருந்து வரும்போது சுப்பர் டாகுமார் லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். எல்லாம் எம்42 என்பதால் ஒரே அடாப்டர் போதும், கைமாறிக் கைமாறிப் போகிறது. அடுத்து வாங்குவது எதை என்பதில்தான் டீச்சருக்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்திக்கும் வழக்கு.

மாணவிக்கு 500 மி.மீ. மிரர் லென்ஸ் வேண்டும். வளைந்த ஆடிகளால் ஒளியை மடித்து அனுப்புவதால் நீளமும் பாரமும் பாதி, பாடசாலைப் பைக்குள் அடங்கும். கருங்கழுகுக்கு அதுதான் எட்டும் என்கிறாள். டீச்சருக்கு டாயிர்-3, 300 மி.மீ. சோவியத் காலத்தில் துப்பாக்கிக் கட்டை போன்ற பிடியோடு, விசையை இழுத்துப் படம் எடுக்கும்படி ஃபோட்டோஸ்னைப்பர் என்று விற்றார்களே, அதில் இருந்த லென்ஸ் வகை. 500இல் துவாரம் 8இலேயே பூட்டியிருக்கும், சுருக்கவும் முடியாது விரிக்கவும் முடியாது, பனிக்காலைக்கு வெளிச்சம் போதாது, பின்னணியில் வெளிச்சப் புள்ளி எல்லாம் வடை வடிவத்தில் வளையமாக விழும் என்பது டீச்சர் கட்சி. ஐஎஸ்ஓவை ஏற்றினால் போகிறது, இது மாமா காலத்துப் பிலிம் இல்லையே டீச்சர் என்பது மாணவி கட்சி. மாசியில் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்து இருக்கிறது, அதற்கு முன் ஒன்று வந்தாகவேண்டும். காசு பாதிதான் சேர்ந்திருக்கிறது. மாணவி விட்டுக்கொடுப்பதாக இல்லை.